"ஒண்ணுமே வரல மேடம்": ஆய்வுத் தரவுத்தளத்தில் தேடும் வேலூர் மாணவர்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

ஆய்வுக் கட்டுரை தேடும் வேலை நாலே இடங்களில்தான் நின்றுபோகும். தளத்தின் கதவு திறக்காது. கதவு திறந்தாலும் தேடுவது தவறான தளமாக இருக்கும். தளம் சரியாக இருந்தாலும் சொல் சரியிருக்காது. எல்லாம் சரியாகி, கட்டுரையின் பெயரும் கிடைத்த பிறகு முழுக் கட்டுரை கைக்கு வராது. இந்த நாலில் எது என்று தெரியாமல் சொல்லை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருப்பதில்தான் பொழுது போகிறது. நூலக மேசைக்கு வந்து "ஒண்ணுமே வரல மேடம்" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது "என்ன தட்டினீங்க?" என்று அல்ல, "எங்க தட்டினீங்க?" என்றுதான்.

கீழே உங்கள் அறிகுறியைத் தேடிப் பிடித்து அதை மட்டும் படித்தால் போதும். தேடுசொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தளத்தில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

"காலேஜ்ல திறக்குது, வீட்ல பணம் கேக்குது"

இதில் பழுது எதுவும் இல்லை. பதிப்பாளரின் தளத்துக்கு உங்களை ஆளாகத் தெரியாது. எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள் என்பது மட்டும் தெரியும். கல்லூரி வளாகத்தின் ஐபி முகவரி அவர்கள் பட்டியலில் இருக்கிறது. சத்துவாச்சாரியில் உங்கள் வீட்டு பிராட்பேண்டோ, கையிலிருக்கும் ஜியோ சிம்மோ அதில் இல்லை. வளாகத்துக்குள்ளேயே திறக்கவில்லை என்றாலும் முதலில் போனைப் பாருங்கள். வைஃபை சிக்னல் குறைந்ததும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். பிரவுசரில் யாரோ சொல்லிப் போட்டுவைத்த இலவச விபிஎன் நீட்டிப்பு இருந்தாலும் இதே கதைதான். அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்து நுழைய வேறு வழி உண்டு. அது உங்கள் கல்லூரி எந்த வகை என்பதைப் பொறுத்தது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் படிப்பவர்கள் என்-லிஸ்ட் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் திட்டம் அது; குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. கணக்கை நீங்களாகத் தொடங்க முடியாது. கல்லூரியில் அதற்குப் பொறுப்பானவர் உங்கள் மின்னஞ்சலைச் சேர்க்க வேண்டும். அந்த அஞ்சல் பெரும்பாலும் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும், பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டமும் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதில் வருகின்றன. அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கானது அது. சுயநிதிக் கல்லூரி என்றால் நிர்வாகம் எதற்குச் சந்தா கட்டியிருக்கிறதோ அதுதான். பக்கத்துக் கல்லூரி நண்பருக்குத் திறப்பது உங்களுக்குத் திறக்காததற்குக் காரணமும் இதுதான்.

இன்னொன்று. கணக்கு இருந்தும் பணம் கேட்டால், நீங்கள் கூகுள் வழியாக நேரே பதிப்பாளரின் பக்கத்தில் போய் இறங்கியிருப்பீர்கள். முதலில் நூலகப் பக்கத்தில் உள்நுழைந்து, அங்கேயுள்ள இணைப்பைச் சொடுக்கித் தளத்துக்குப் போக வேண்டும். அப்போதுதான் உங்கள் அனுமதிச் சீட்டு கூடவே வரும்.

"சம்பந்தமே இல்லாததா வருது"

கதவு திறந்துவிட்டது, கட்டுரைகளும் குவிகின்றன, ஒன்றும் உதவவில்லை. இது தளத் தேர்வுக் கோளாறு. பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சென்னை பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலத்தான். எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தாலும் அங்கே அது வராது.

நம் பக்கத்து மாணவர்கள் ஆண்டுதோறும் எடுக்கும் தலைப்பையே வைத்துச் சொல்கிறேன்: பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் மாசும். இது ஒரே தலைப்பு போலத் தெரிகிறது. தேடப் போனால் ஐந்து தலைப்பு.

கழிவுநீரில் குரோமியம் எவ்வளவு, அதை நீக்குவது எப்படி என்பது வேதியியல், சுற்றுச்சூழல் பொறியியல். சயின்ஸ் டைரக்டில் நிறைய இருக்கிறது. ஆனால் அது எல்சேவியர் என்ற ஒரே பதிப்பாளரின் கடை. அங்கே இல்லாததால் உலகத்திலேயே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். பல பதிப்பாளர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கோபஸ் போன்ற அட்டவணைத் தளம் வேண்டும். அங்கே கட்டுரையின் பெயரும் சுருக்கமும் கிடைக்கும். முழுக் கட்டுரைக்கு வேறு இடம் போக வேண்டும். கடை எது, அட்டவணை எது என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

தொழிலாளர்களின் தோல் நோய், மூச்சுத் தொல்லை என்றால் மருத்துவக் கட்டுரைகளின் அட்டவணைத் தளமான பப்மெட். யாருக்கும் இலவசம், உள்நுழைவும் தேவையில்லை. நம் ஊரில் அதைத் துணிந்து முதலில் திறப்பவர்கள் மருத்துவ மாணவர்கள் மட்டுமே. சமூகப்பணி, உளவியல், ஊட்டச்சத்துத் துறைக்காரர்களுக்கும் அதில் வேலை இருக்கிறது.

வழக்கைப் பற்றி எழுதுபவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. சட்டம் படிக்கிற எவரும் அறிந்த தீர்ப்பு. அதன் மூலத்தை விட்டுவிட்டு, அதைப் பற்றி மூன்றாம் ஆள் எழுதிய கட்டுரையைத் தேடுவானேன்? இந்தியன் கானூன் தளத்திலும் உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்திலும் முழுத் தீர்ப்பும் இலவசம்.

தொழிலின் வரலாறு, சாதி, கூலி, இடப்பெயர்வு என்றால் ஆய்விதழ்களின் பழைய இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோர். கிராம அளவில் கிணற்று நீரின் தரம், நிலத்தடி நீர்மட்டம் போன்ற மண்ணுக்கு நெருக்கமான தகவல் என்றால் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்ட அறிக்கைகளும் ஷோத்கங்காவும். ஷோத்கங்காவை ஏனோ 'வெறும் தீசிஸ்தானே' என்று ஒதுக்குகிறார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் உள்ள களஞ்சியம் அது. சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அதில் உண்டு. வாணியம்பாடியையோ பேரணாம்பட்டையோ களமாக வைத்த ஓர் ஆய்வேட்டில் கிடைக்கும் விவரம் எந்த வெளிநாட்டு ஆய்விதழிலும் கிடைக்காது. ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். நான் முதலில் இறக்கச் சொல்வது நூற்பட்டியல் உள்ள கோப்பை. இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்த பட்டியல் உங்களுக்கு ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது.

"வேலூர்னு போட்டா ஆயிரக்கணக்குல கொட்டுது"

இது பப்மெட்டுக்கே உரிய நோய், அதுவும் நம் ஊர்க்காரர்களுக்கே வருவது. வேலூர் மக்களின் நீரிழிவு பற்றித் தேடினால் மூளை அறுவை, மரபணு, எலி ஆய்வு எல்லாம் வரும். காரணம், வெறும் சொல்லைத் தட்டினால் பப்மெட் ஆசிரியரின் பணியிட முகவரியிலும் சேர்த்துத் தேடும். சிஎம்சியிலும் விஐடியிலும் இருப்பவர்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் முகவரியில் வேலூர் இருக்கிறது. மேம்பட்ட தேடல் பக்கத்தில் 'டைட்டில்/அப்ஸ்ட்ராக்ட்' என்ற புலத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே வேலூர் என்று கொடுங்கள். கூட்டம் வடிந்துவிடும். ஸ்கோபஸிலும் இதே போலத் தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் என்று மட்டும் கட்டுப்படுத்தலாம்.

இதையே திருப்பிப் போட்டால் பயன்படும். காரிகிரி மருத்துவமனையிலிருந்து தொழுநோய் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா? அப்போது முகவரிப் புலத்தில் மட்டும் காரிகிரியைப் போடுங்கள்.

"வேலூர்னு போட்டா பழசு எதுவுமே வரல"

மேலே சொன்னதற்கு நேர் எதிர். வரலாறு, பொருளியல், வேளாண்மை மாணவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். தேடுகருவி சொன்னபடிதான் நடக்கிறது. ஊர்தான் பெயரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

வேலூர் மாவட்டம் என்ற பெயரே 1990களின் பாதிக்கு மேல் வந்தது. அதற்கு முன் சில ஆண்டுகள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989க்கு முன் வட ஆற்காடு. அதில் திருவண்ணாமலையும் அடக்கம். 1911க்கு முன் இன்னும் பெரிது. இன்றைய சித்தூர்ப் பகுதியும் அதில் சேர்ந்திருந்தது, தலைநகரும் சித்தூர்தான். பிறகு 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை.

ஆகவே எந்தக் காலத்துத் தகவல் வேண்டுமோ அந்தக் காலத்துப் பெயரில் தேடுங்கள். பசுமைப் புரட்சி பற்றி எழுதும் எம்.ஏ. பொருளியல் மாணவி 'வேலூர், பசுமைப் புரட்சி' என்று தட்டிவிட்டு, தரவு இல்லை என்று தலைப்பை மாற்றப் போகிறாள். அவள் 'நார்த் ஆர்காட்' என்று தட்டியிருந்தால் திக்குமுக்காடியிருப்பாள். 1970களில் கேம்பிரிட்ஜ் ஆய்வுக் குழு நெல் விளையும் வட ஆற்காட்டுக் கிராமங்களில் வந்து கணக்கெடுத்தது. அதே பகுதியை மீண்டும் ஆராய்ந்து ஹேசலும் ராமசாமியும் 1991இல் நூலாக வெளியிட்டார்கள். பசுமைப் புரட்சியால் ஏழைகளுக்கு நன்மையா என்ற உலக விவாதத்தில் வட ஆற்காடு அடிக்கடி அடிபடும் பெயர். நம் ஊரைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்டிருப்பது நம் மாணவர்களுக்கே தெரியாமல் இருப்பது எனக்கு ஆற்றாமை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கவனம் வேண்டும். 1981 வரை வட ஆற்காடு, 1991இல் வட ஆற்காடு அம்பேத்கர், 2001, 2011இல் வேலூர். 2011இன் வேலூரை (39,36,331 பேர்) இன்றைய வேலூர் மாவட்டத்துடன் வைத்து ஒப்பிட்டு 'மக்கள்தொகை சரிந்தது' என்று எழுதினால் வைவாவில் அன்றைக்கு உங்கள் பாடு திண்டாட்டம்தான். மாவட்டத்தை விட்டுவிட்டுத் தாலுகா அளவில் ஒப்பிடுங்கள். தாலுகாக்களையும் பிரித்திருக்கிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலேயர் காலத்துக்குப் போகிறவர்களுக்குச் சந்தாத் தளம் எதுவும் தேவையில்லை. ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடக்கிறது. அதற்குள் தேடும்போது ஊர்ப் பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். வாலாஜாபேட்டையை அவர்கள் எழுதிய விதத்துக்குக் கணக்கில்லை. போதாததற்கு ஸ்கேன் செய்த எந்திரம் தன் பங்குக்குச் சில எழுத்துகளைக் கெடுத்து வைத்திருக்கும். 1806 ஜூலை 10 வேலூர் எழுச்சியைத் தேடுபவர்கள் 'மியூட்டினி' என்ற சொல்லைப் போடாமல் இருக்க முடியாது. நமக்கு அந்தச் சொல் பிடிக்கிறதா என்பதைக் கட்டுரையில் விவாதித்துக்கொள்ளலாம். தேடுபெட்டியில் அதற்கு இடமில்லை.

"ஸீரோ ரிசல்ட்"

முதலில் வாக்கியத்தை உடையுங்கள். ஆய்வுத் தலைப்பை அப்படியே ஒட்டுவது பெரும் வியாதி. "வேலூர் மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை குறித்த ஓர் ஆய்வு" என்று முழுசாகக் கொடுத்தால் எந்தத் தளம்தான் என்ன செய்யும்? 'ஆய்வு', 'குறித்த', 'நிலை' எல்லாம் வெறும் சுமை. பீடி, பெண், தொழிலாளர்: மூன்றே கருத்து. இடத்தைக் கடைசியில் சேருங்கள், முடிவுகள் அதிகமானால் மட்டும்.

அடுத்து, ஒவ்வொரு கருத்துக்கும் மாற்றுச் சொல். பீடிக்கே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு. தொழிலாளர் என்ற சொல்லைப் பிரிட்டன்காரர் ஒரு எழுத்து கூட்டி எழுதுவார், அமெரிக்கர் குறைத்து எழுதுவார். தாவரவியல் மாணவர்களுக்கு இலவம்பாடி முள்ளுக் கத்தரி: நாம் 'பிரிஞ்ஜால்' என்போம், அமெரிக்கர் 'எக்பிளாண்ட்', பிரிட்டனில் 'ஆபர்ஜீன்'. மூன்றையும் 'ஆர்' (அல்லது) போட்டு இணைத்து, கூடவே சோலனம் மெலாஞ்ஜினா என்ற அறிவியல் பெயரையும் சேருங்கள். இலவம்பாடி என்று தேடி ஒன்றும் வராவிட்டால் 'வேலூர் ஸ்பைனி பிரிஞ்ஜால்' என்றும் தேடுங்கள்; 2023இல் அதற்குக் கிடைத்த புவிசார் குறியீடு அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது.

'ஆர்', 'ஆண்ட்' இரண்டையும் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். பப்மெட்டும் கூகுள் ஸ்காலரும் சிறிய எழுத்தில் உள்ளதை இணைப்பாக எடுத்துக்கொள்ளாது. மாற்றுச் சொற்களை அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பப்மெட் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகும், அடைப்பு இல்லாவிட்டால் அது கணக்கிடுவது வேறாகிவிடும். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ நகலெடுத்த வளைந்த மேற்கோள்குறி சில தளங்களுக்குப் புரியாது. அழித்துவிட்டு அங்கேயே நேராகத் தட்டுங்கள்.

ஒரு தளத்தில் வேலை செய்த சூத்திரம் இன்னொன்றில் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். சயின்ஸ் டைரக்டில் ஒரு பெட்டிக்குள் எட்டு இணைப்புச் சொற்களுக்கு மேல் போட முடியாது. சொல்லின் வாலை வெட்டி நட்சத்திரக் குறி போடுவதும் அங்கே செல்லாது. கூகுள் ஸ்காலரும் நீளமான சூத்திரத்தை ஏற்காது. அதற்குச் சின்னச் சின்னத் தேடலாகப் பிரித்துக் கொடுங்கள்.

"ஜேஸ்டோர்ல புதுசு எதுவுமே இல்ல"

இருக்காது. பல ஆய்விதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு இதழ்களை அந்தத் தளம் வைத்திருப்பதில்லை. பதிப்பாளருடன் ஏற்பாடே அப்படி. பழையதை அங்கே படியுங்கள், புதியதை அந்த ஆய்விதழின் சொந்தத் தளத்தில் தேடுங்கள். கல்லூரியில் ஜேஸ்டோர் இல்லாதவர்கள் சொந்தக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரை வரை திரையிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

"தமிழ்ல தேடினா கிடைக்கல"

தமிழ்த்துறை மாணவர்களின் அறிகுறி. இரண்டு காரணம். ஷோத்கங்காவில் உள்ள பழைய தமிழ் ஆய்வேடுகள் பல ஸ்கேன் படங்கள். சில யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டப்பட்டவை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் கிறுக்கல். உள்ளடக்கத்தில் தேடாமல் தலைப்பு, நெறியாளர், துறை, பல்கலைக்கழகம் என்று படிப்படியாக உலாவிப் போங்கள். தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தட்டிப் பாருங்கள்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் சிக்கல் வேறு. அங்கே தமிழ்ப் பெயரை நாம் வாட்ஸ்அப்பில் தட்டுவது போல எழுத மாட்டார்கள். கறாரான ஒலிபெயர்ப்பு முறை உண்டு. சகரத்துக்கு 'சி' என்ற மூன்றாம் ஆங்கில எழுத்து, ழகரத்துக்கு அடிக்கோடிட்ட 'எல்'. சோழரைத் தேட நாம் போடும் 'சிஹெச்', 'இசட்ஹெச்' அங்கே உதவாது. பழைய தமிழ் நூல், இதழ் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்தே தொடங்குங்கள், சந்தா கிடையாது.

"பேரு கிடைச்சது, பேப்பர் கிடைக்கல"

முப்பது நாற்பது டாலர் கேட்கும் பக்கத்தைப் பார்த்ததும் நெஞ்சு அடைக்க வேண்டாம். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்றிருப்பதைச் சொடுக்குங்கள். ஆசிரியரின் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசப் பிரதி இருக்கலாம். அன்பேவால் நீட்டிப்பைப் பிரவுசரில் சேர்த்துவிட்டால், சட்டப்படி இலவசமாக உள்ள பிரதியை அதுவே காட்டும். மருத்துவக் கட்டுரை என்றால் முழுக் கட்டுரைகளையே இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல். எதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கே மரியாதையாக நான்கு வரி எழுதுங்கள். பெரும்பாலானோர் அனுப்பிவிடுவார்கள், தன் கட்டுரையை யாரோ படிக்கக் கேட்கிறார்கள் என்பதே அவர்களுக்கு மகிழ்ச்சி. நூலகங்கள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளும் வலையமைப்பான டெல்நெட்டில் உங்கள் கல்லூரி உறுப்பினர் என்றால் பிற நூலகத்திலிருந்தும் வரவழைக்கலாம்.

"சாட்ஜிபிடி குடுத்த பேப்பர் எங்கயுமே இல்ல"

இல்லாத கட்டுரை எப்படிக் கிடைக்கும்? ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், ஆய்விதழும் உண்மையாக இருக்கும், கட்டுரை மட்டும் பிறந்திருக்காது. கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்ணான டிஓஐயை டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். திறக்கவில்லை என்றாலோ வேறு கட்டுரை திறந்தாலோ பட்டியலிலிருந்து தூக்கிவிடுங்கள். தலைப்பு முழுவதையும் மேற்கோள்குறிக்குள் வைத்து ஸ்காலரில் ஒருமுறை தேடுவதும் போதும். மாற்றுச் சொற்களைக் கேட்டு வாங்க அந்தக் கருவி நல்லது; கட்டுரைப் பட்டியல் கேட்க அல்ல.

"நேத்து சேமிச்ச லிங்க் இன்னிக்குத் திறக்கல", "திடீர்னு காலேஜுக்கே பிளாக்"

முதலாவது எளிது. முகவரிப் பட்டையில் இருந்தது அன்றைய அமர்வுக்கு மட்டுமான முகவரி. டிஓஐயையோ, தளம் தரும் நிலையான இணைப்பையோ சேமியுங்கள்.

இரண்டாவதுக்குக் காரணம் பெரும்பாலும் விடுதியில் இருப்பார். ஓர் ஆய்விதழின் எல்லா இதழ்களையும் மென்பொருள் வைத்து ஒரே இரவில் இறக்கப் பார்த்திருப்பார். பதிப்பாளர் ஆளைப் பிடிப்பதில்லை, ஐபியைப் பிடிப்பார். பரீட்சைக்கு முதல் வாரம் மொத்தக் கல்லூரியும் கை கட்டி நிற்கும். உங்களால் சரிசெய்ய முடியாது, நூலகத்தில் சொல்லுங்கள். நாங்கள் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டும்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் நூலகரிடம் வாருங்கள். வரும்போது தளத்தின் பெயர், தட்டிய சூத்திரம் எழுத்து மாறாமல், பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், எந்த இணைப்பிலிருந்து தேடினீர்கள் என்ற விவரம், இவற்றோடு உருப்படியாக வந்த ஒரே ஒரு கட்டுரையாவது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். அந்த ஒரு கட்டுரையின் குறிச்சொற்களையும் மேற்கோள் பட்டியலையும் வைத்துத்தான் நாங்கள் மேலே தேடத் தொடங்குவோம்.